கேட்டதா

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு
சைரன் ஊதியதை
நான் பார்த்தேன்.

எதிர் பிளாக் தண்ணீர்த் தொட்டியிலிருந்த புறாக்கள்
ஒரே உதறலில் கிளம்பின.
மீன்கூடைக்குப் பக்கத்தில் படுத்திருந்த செவலை
தலையைத் தூக்கி
வாயைக் குவித்து வானத்தைப் பார்த்தது.
ஸ்டெல்லா ஒரு காதை மட்டும் பொத்திக்கொண்டாள்,
இன்னொரு கையில் கரண்டி.
குடத்துத் தண்ணீரில் மெல்லிசாக ஒரு வட்டம்.
எர்ணாவூரில் கன்டெய்னர் லாரி போனாலும்
இதே வட்டம்தான்,
அதனால் குடத்தை நம்புவதில்லை.

இதெல்லாம் சேர்ந்தால் எனக்குச் சைரன்.
ராத்திரியில்
புறா ஏது, கரண்டி ஏது.

கைப்பேசியும் தன் பங்குக்கு
தையல் மிஷின் மேல் அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்து
நூல்கண்டைக் கீழே தள்ளிவிட்டு நின்றது.
முதலில் இங்கிலீஷ். அதற்குக் கீழே இந்தி.
தமிழைத் தேடித் தள்ளுவதற்குள்
'சரி'யில் விரல் பட்டு
எல்லாமே போய்விட்டது.
எந்த ஆபத்துக்குச் சரி சொன்னேன் என்று
இன்னும் தெரியவில்லை.

பன்னிரண்டரைக்கு ஒரு பையன் வந்தான்.
கழுத்தட்டையில் டில்லிபாபு,
ரெண்டு மாடி ஏறிய வியர்வை,
கிளிப் போட்ட அட்டையில் படிவக் கத்தை.
அவன் உதடு விரிந்தது, நாக்கு மேலே தட்டியது,
வாய் திறந்தபடி நின்றது.
அந்த வடிவம் எனக்குப் பழக்கம்.
கேட்டதா.
காதைத் தொட்டுக் கையை விரித்தேன்.
மறுபடியும், பெரிதாக: கேட்ட தா.
மூன்றாவது முறை கத்தினான் போலிருக்கிறது,
பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது.

படிவத்தில் ரெண்டே கட்டம். ஆம். இல்லை.
'இல்லை' போட்டால் சைரனில் கோளாறு என்றாகும்,
ஏணியோடு ஆள் அனுப்புவார்கள்.
பேனா நடுவில் கொஞ்சநேரம் நின்றது.
பிறகு 'குறிப்பு' என்ற கோட்டில்
எதையோ எழுதினான்.

ராயபுரத்தில் பதினெட்டு வருஷம்
கல்யாணப் பத்திரிகைகளுக்குப் பிழை திருத்தியவள் நான்.
எழுத்து தலைகீழாக நின்றாலும்
என் கண்ணுக்கு நேர்தான்.

வீடு பூட்டியிருந்தது.

பூட்டிய வீட்டின் வாசலில் நின்று
அவனுக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தேன்.
குடித்தான்.

மணிக்கட்டைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்க்
கயிற்றைக் காட்டினேன்.
வலைக்குப் போக மிஞ்சிய பச்சை நைலான்.
மேல்முனை பர்வீனின் சமையலறை ஜன்னலில்,
கீழ்முனை ராத்திரி என் கணுக்காலில்.
ஒரு இழுப்பு என்றால் சும்மா, தூங்கிட்டியா.
ரெண்டு என்றால் தண்ணி லாரி.
விடாமல் இழுத்தால்
செருப்பைத் தேடாதே,
ஈரத்துணியை மூக்கில் வை,
காத்து வர்ற பக்கமா ஓடு.

விடாமல் இழுத்தது இதுவரை ஒரே தடவை.
அன்றைக்குக் கம்பெனி சைரன் ஊதவேயில்லை,
பர்வீனுக்கு மூக்கு எரிந்துதான் விழிப்பு வந்தது.
அந்த ராத்திரி
நாலு பிளாக்குக்கும் என் காதுதான்.

இவ்வளவையும் கையால் சொன்னேன்.
எத்தனை புரிந்ததோ.
விளையாட்டுப்போல் கயிற்றை ஒருமுறை சுண்டினான்.
மேலேயிருந்து உடனே பதில் வந்தது, ஒன்று.
திடுக்கிட்டுக் கையை எடுத்துக்கொண்டான்.

அப்போதுதான் பேனாவை வாங்கினேன்.
பிழையைப் பார்த்துவிட்டு
விட்டுவிட எனக்கு வராது.
'பூட்டி'யின் மேல் ஒரு கோடு,
ஓரத்தில் அச்சகத்துக் குறி,
பக்கத்தில் சின்னதாக: திறந்து.

வீடு திறந்திருந்தது.

இதை ஆபீஸில் யார் படிப்பார்கள், தெரியாது.
அவர்களின் அடுத்த சோதனை
வருகிற மாதம், செவ்வாய், பதினொன்று.
எங்களுடையது இன்று ராத்திரி,
பர்வீன் பாத்திரம் கழுவி முடித்ததும்.